அரபு மொழி பேசும் மக்களிடையே ஒரு கிறிஸ்தவச் சமூக மையம், மதம் மாற்றும் நோக்கமின்றி முஸ்லிம்களோடு உரையாட முடியுமா?

முடியும் என்பதே என் உறுதியான பதில். அதற்கு நான் சான்றாகக் காட்டுவது சிரியாவில் உள்ள மார் மூசா மடம். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் அதன் வரலாற்றை நீண்ட காலமாக அக்கறையோடு படித்து வருகிறேன்.

டமாஸ்கஸுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நபெக் நகரை அடுத்த வறண்ட மலையில் இருக்கும் அந்தப் பழைய மடம், துறவிகள் இன்றிப் பாழடைந்து கிடந்தது. 1982இல் தனித்திருந்து செபிப்பதற்காக அங்கே சென்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி பாவ்லோ தல்லோலியோ, பின்னர் உள்ளூர் மக்களின் துணையோடு அதைச் சீரமைத்து, 1991இல் சிரியரான ஜாக் முராத்துடன் சேர்ந்து ஆண்களும் பெண்களும் அடங்கிய ஒரு துறவுக் குழுமத்தைத் தொடங்கினார். செபம், உடலுழைப்பு, விருந்தோம்பல் ஆகியவற்றோடு முஸ்லிம்களுடன் நட்புறவு கொள்வதையும் அக்குழுமம் தன் அழைப்பாகவே ஏற்றுக்கொண்டது.

இது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட புதுமை அன்று. மடத்துக் கோயிலின் சுவரில் உள்ள அரபுப் பொறிப்பு, முஸ்லிம்கள் எதையும் தொடங்கும்போது சொல்லும் ‘அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால்’ என்ற தொடரோடே தொடங்கி, கோயில் எழுந்த ஆண்டை ஹிஜ்ரி 450 என்று, அதாவது கி.பி. 1058 என்று குறிக்கிறது.

அங்கே மாலையில் ஒரு மணி நேரம் மௌனத் தியானமும், அதைத் தொடர்ந்து அரபு மொழியில் திருப்பலியும் நடைபெறும். வருவோர் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் அமர்வார்கள். தங்குவதற்குக் கட்டணம் கேட்பதில்லை; காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் விருந்தினரும் கைகொடுப்பார்கள். சிரிய உள்நாட்டுப் போருக்கு முன்பு, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளோடு படியேறி வந்து அங்கே பொழுதைக் கழித்தன. சமயத் தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்கும் மாநாடுகளைவிட அந்தச் சமையலறையில் நடந்ததே உண்மையான உரையாடல் என்று நான் கருதுகிறேன்.

மதமாற்றம் பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் பாவ்லோ தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. தன் நம்பிக்கையை ஒளித்து வைத்துக்கொண்டு பழகுபவரிடம் எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பதால், அந்த வெளிப்படைத்தன்மையே அவர்மீது நம்பிக்கை பிறக்கக் காரணமாயிற்று என்பது என் கருத்து.

அந்த நட்பின் உறுதி போர்க்காலத்தில் தெரிந்தது. சிரியாவின் அல்கர்யதைன் ஊரில் முராத் நடத்திவந்த மார் எலியான் மடம், வீடிழந்த முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அடைக்கலம் தந்தது. 2015 மே மாதத்தில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பினர் முராத்தைக் கடத்திச் சென்றனர். ஆகஸ்ட் மாதத்தில் அந்த மடத்தையும் இடித்தனர். ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பிறகு அவர் தப்பி வந்ததற்கு உதவியவர் ஒரு முஸ்லிம் நண்பர். முராத் 2023 முதல் ஹோம்ஸ் நகரின் சிரிய கத்தோலிக்கப் பேராயராக இருக்கிறார். பாவ்லோவோ 2012இல் அரசால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, 2013 ஜூலையில் ரக்கா நகருக்குச் சென்றபோது கடத்தப்பட்டார். அவர் திரும்பவே இல்லை. எவ்வளவு பெரிய விலை இது!

சமூக மையம் என்ற சொல்லுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இதே குழுமம் ஈராக்கின் சுலைமானியா நகரில் நடத்தும் கிளையைப் பாருங்கள். 2014இல் ஐ.எஸ். படைக்கு அஞ்சி, ஈராக்கின் வடக்கிலுள்ள கரகோஷ் என்ற ஊரிலிருந்து ஓடிவந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள். குர்திஷ் மொழி வழங்கும் ஊரில், அம்மொழி தெரியாமல் வந்து சேர்ந்தவர்கள் வேலை தேடவும் அக்கம்பக்கத்தாரோடு பேசவும் மொழி வகுப்புகளே முதல் தேவையாக இருந்தன. அந்த வகுப்புகளையும் அவர்கள் நடத்தினார்கள்.