காஞ்சிபுரத்துக் கற்றளிகள்: கேள்வி பதில்

கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மன் கட்டினான் என்பதற்கு ஆதாரம் என்ன? வழிகாட்டிகள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

ஆதாரம் கோயிலிலேயே இருக்கிறது. கருவறைமேல் எழும் விமானத்தின் அதிட்டானத்தை, அதாவது அடித்தளத்தை, சுற்றிக் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு ஓடுகிறது. கட்டியவன் பல்லவ அரசன் இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன், கோயிலின் பெயர் ராஜசிம்ம பல்லவேச்சுரம் என்று அது சொல்கிறது. காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கலியுகத்திலும் இவ்வரசன் அசரீரி கேட்டான் என்றொரு செய்தியும் அதில் வருகிறது. மனத்திலேயே கோயில் கட்டிய பெரியபுராணத்துப் பூசலார் கதையில், காடவர் கோன் எனப்படும் பல்லவ அரசனின் கனவில் இறைவன் தோன்றிப் பேசுவதை இந்த வரியோடு சேர்த்துப் படிப்பார்கள். பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை.

திருச்சுற்றை ஒட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில் குனிந்து பாருங்கள், அரசனின் விருதுப்பெயர்கள் கிரந்தத்திலும் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கும். ஒரே பெயரை வெவ்வேறு எழுத்து வகைகளில் எழுதியிருப்பதால், எழுத்து வரலாறு படிப்பவர்களுக்கு இந்தச் சுற்று ஒரு பள்ளிக்கூடம். பெரும்பாலோர் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு இதைத் தவறவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

நுழைந்ததும் எதிர்ப்படும் சிறிய கோயில் ராஜசிம்மனுடையதன்று, அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மனுடையது.

கல்வெட்டு இல்லாத இடத்தில் இது பல்லவர் பணியா, சோழர் பணியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் கருவறையின் பின்சுவர். சிவனும் உமையும் அமர்ந்திருக்க, நடுவில் குழந்தைக் கந்தன் இருக்கும் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் லிங்கத்துக்குப் பின்னால் தெரிந்தால், அது பெரும்பாலும் ராஜசிம்மன் காலப் பாணி. சோழர் கருவறையில் இதைக் காண மாட்டீர்கள். இரண்டாவது இடம், லிங்கம். கைலாசநாதர் கோயிலில் இருப்பது பட்டை தீட்டிய 16 முகத் தாரா லிங்கம், இதுவும் ராஜசிம்மன் காலப் பாணி. மூன்றாவது இடம், தூண்களும் மூலைகளும். முன்கால் தூக்கி எழுந்து நிற்கும் சிங்கங்கள் ராஜசிம்மன் கோயிலின் முத்திரை.

இராஜகோபுரத்தை வைத்து மட்டும் காலம் கணிக்காதீர்கள். ஏகாம்பரநாதர் கோயில் தேவாரம் பாடப்பெற்ற பழைய தலம். அதன் தெற்கு இராஜகோபுரமோ கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது. காஞ்சியில் உள்ளே போகப் போகத்தான் காலம் பழையதாகும்.

சாளுக்கியர் காஞ்சியைச் சூறையாடினார்கள் என்று படித்தேன். அப்படியானால் கைலாசநாதர் கோயில் எப்படித் தப்பியது?

இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தது உண்மை. கோயிலைக் கொள்ளையிடவில்லை என்பதும் உண்மை. இக்கோயில் மண்டபத் தூண் ஒன்றில் அவன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ராஜசிம்மேச்சுரம் எனப்பட்ட இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. வென்றவன் தன் மொழியில், தோற்றவனின் முன்னோன் கட்டிய கோயிலில் எழுதிய சாசனம் இது. அந்தத் தூணின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அவன் அரசி லோகமாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெளிவாகத் தெரியும்.

ஐயா, வைகுண்டப்பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் இருப்பவை புராணக் கதைகளா?

இல்லை அம்மா, அவை பல்லவர் வரலாறு. தமிழ்நாட்டில் ஓர் அரச மரபின் கதையை இவ்வளவு நீளமாகக் கல்லில் செதுக்கிய இடம் வேறில்லை என்றே சொல்வேன். கட்டியவன் இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான்.

இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், காஞ்சியிலிருந்து மாத்திரர் எனப்பட்ட பெரியோர், கடிகை என்னும் கல்விக்கூடத்தைச் சேர்ந்த கடிகையார் முதலியோர் புறப்பட்டு இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். இரணியவர்மன், முந்தைய பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழி வந்தவன். மூத்த பிள்ளைகள் மறுக்க, 12 வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான். தகப்பனுக்கு மனம் வரவில்லை. எதிரே வைத்த மகுடங்கள் யானைத் தலை போலத் தெரிய, இவை யானைத் தலை அல்ல, உன் மகனுக்குரிய முடிகள் என்று தரணிகொண்டபோசர் என்பவர் எடுத்துச் சொல்கிறார். இந்த உரையாடலே சிற்பத்தோடு தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது.

சிற்பங்கள் மேலும் கீழுமாக இரண்டு வரிசை. நடுவே எழுத்துக்கென விட்ட பட்டையில் பல இடங்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. ஆகவே எழுத்துள்ள பகுதியை முதலில் தேடிப் பிடித்து, அங்கிருந்து கதையைத் தொடருங்கள். எழுத்து இல்லாத பலகைகளுக்கு யாராவது உறுதியாகப் பெயர் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத்து மங்கலாக இருக்கிறது. சாக்பீஸ் தேய்த்தால் நன்றாகத் தெரியுமாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். மணற்கல் துளைகள் நிறைந்தது. பொடி உள்ளே இறங்கினால் வெளியே வராது, துடைக்கத் துடைக்க மணல்தான் உதிரும். விபூதி, மாவு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதி.

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விடுங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவம் எழும். நேர் எதிரே பிடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். செல்போன் ஃபிளாஷ் பயன்படாததும் இதனால்தான். ஒரே இடத்தை இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து என மூன்று படம் எடுத்து ஒப்பிட்டுப் படியுங்கள். ஒரு வெளிச்சத்தில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது, தொல்லியல் துறை அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஈரத்தாளைத் தூரிகையால் அடித்துப் பதிக்கும்போது பொரிந்த மணற்கல் தாளோடு உரிந்து வந்துவிடும்.

எங்கள் ஊர்ச் சிறு கோயிலும் மணற்கல்தான். உதிரும் இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்தால் என்ன?

அடைத்த இடம் நிற்கும், சுற்றியுள்ள கல் போய்விடும். சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே ஏறிய நீர் பக்கத்துக் கல்வழியாகத்தான் வெளிவரும். வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவரும். நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலைப் பிளக்கும். சில மழைக்காலத்துக்குப் பின் சிமென்ட் திட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதலில் நீர் ஏறும் வழிகளைச் சரிசெய்யுங்கள்: மேல்தளக் கசிவு, அடைபட்ட கோமுகை (நீர் வெளியேறும் வாய்), அடித்தளத்தை ஒட்டிப் போட்ட சிமென்ட் தரை. அதன்பின்தான் சாந்து. நன்றாக நீர்த்த சுண்ணாம்பு 1 பங்குக்குச் சலித்த ஆற்று மணல் 2 முதல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு மெதுவாக உலரவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் விட்டால் வெடிக்கும். இதற்கும் முன்பே துறையின் வல்லுநரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மணல் வீச்சு எந்திரத்தால் சுத்தம் செய்யலாம் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். எழுத்தின் விளிம்பு ஒரே நாளில் மழுங்கும், அது திரும்பக் கிடைக்காது.

நூற்றுக்கால் மண்டபத்தில் எண்ணினால் நூறு வரவில்லையே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். வரதராஜப்பெருமாள் கோயில் மண்டபத்தில் 96 தூண்கள்.

அத்தி வரதர் அடுத்து எப்போது?

40 ஆண்டுக்கு ஒருமுறை, ஆகவே 2059. கடைசியாக 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு 17 நாள் நின்ற கோலம்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

கைலாசநாதர் கிழக்கு நோக்கியது. பிள்ளையார்பாளையம் வழியாகக் காலையிலேயே போய்விடுங்கள், இளவெயில் முகப்பில் விழும். நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் மேற்கு நோக்கிய வைகுண்டப்பெருமாள் கோயில். சிங்கத்தூண் வரிசைக்குள் இருட்டு, டார்ச் அவசியம். கைலாசநாதரைச் சீக்கிரம் முடித்தால், முற்பகலிலேயே திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போய்வாருங்கள். விஜயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தில் தீர்த்தங்கரர் வரலாறு கூரை ஓவியமாக இருக்கிறது. அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும், ஒரு சிறு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.