ஒரு எம்.பி. தொகுதிக்காகப் பேச வேண்டுமா, நாட்டுக்காகப் பேச வேண்டுமா?

உங்கள் எம்.பி. டெல்லியில் ஏதோ ஒரு மசோதாவைப் பற்றி ஆவேசமாகப் பேசியிருப்பார், ஊரில் உங்கள் பிரச்சினை அப்படியே கிடக்கும். அந்தக் கோபத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. எங்களுக்கு அது ரயில்.

தருமபுரியில் ஸ்டேஷன் இருக்கிறது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகலாம். ஆனால் சென்னை ரயிலைப் பிடிக்க மொரப்பூருக்குத்தான் ஓட வேண்டும். காலேஜ் படிக்கும்போது ஒரு ராத்திரி, டிவிஎஸ் 50-ல் பெட்டியை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பா மழையில் ஓட்டி வந்தார். பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குதான் தெரிந்தது. ஈரச் சட்டையைப் பிழிந்தபடி, "உங்க தாத்தா இங்கிருந்து தருமபுரிக்கு ரயில்லயே போயிருக்காருடா" என்றார். நிஜம்தான். அந்தச் சின்னப் பாதையை 1941-ல், உலகப்போர் நடக்கும்போது, மூடிப் பெயர்த்துவிட்டார்கள். 'நாட்டு நலன்' என்றாலே எங்கள் ஊர்ப் பெரிசுகள் முகம் சுளிப்பது அதனால்தானோ என்னவோ.

பல வருஷம் கழித்து, நன்றி சொல்ல வந்த எம்.பி.யின் ஜீப்பை மறித்து, "ஊர் உலகத்துக்கெல்லாம் பேசறீங்க, மொரப்பூருக்குப் பேசினீங்களா?" என்று கத்திவிட்டேன். அவருடைய உதவியாளர் கோபப்படவில்லை, மறுநாள் வரச்சொன்னார். போனால் ஒரு கட்டு ஜெராக்ஸ். எல்லாம் ரயில்வே அமைச்சரின் எழுத்துப்பூர்வமான பதில்கள். மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்கு ஒரு நாளைக்கு 20 கேள்விதான், அதுவும் குலுக்கலில் வர வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த உதவியாளர் சொன்ன இன்னொன்றுதான் மனதில் நின்றது: "மொரப்பூரை மட்டும் கேட்டா, பரிசீலனையில இருக்குன்னு ஒரு வரி வரும் சார். தெற்கு ரயில்வேல புதுப் பாதைங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு பாதைவாரியா கேட்டா, மொரப்பூரும் கணக்கோட வந்து விழும்."

அதற்கப்புறம் எம்.பி. தமிழ்நாட்டுக்கோ நாட்டுக்கோ பேசினால் நான் எரிச்சல்படுவதில்லை. உடனே கட்சிச் சாயம் பூச வராதீர்கள், நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பேசியதால் ரயில் வந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. மொரப்பூர்–தருமபுரி புதுப் பாதை 36 கிலோமீட்டர்தான், 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், இன்னும் மொரப்பூருக்கு பஸ்ஸில்தான் போகிறோம். கிருஷ்ணகிரிக்காரர்கள் "எங்க ஊர்ல ஸ்டேஷனே இல்ல, நீங்க வேற" என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் எம்.பி.யைத் திட்டுபவர்களை என்ன சொல்ல? அதற்கு உள்ளாட்சி இருக்கிறது, பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. இருந்து என்ன, என் சித்தப்பா பட்டாவில் 'ன்'னுக்குப் பதில் 'ண்' விழுந்துவிட்டது, திருத்த ஆறு தடவை நடந்தாகிவிட்டது. ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் ஆளே இல்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.