கண்காட்சிக்குப் போகும் கோழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தில் லைட் சசெக்ஸ் இனச் சேவல் ஒன்றையும் பேடு ஒன்றையும் வளர்க்கிறேன். இன்னும் ஐந்து வாரங்களில் நடக்கவிருக்கும் கண்காட்சியில் இரண்டையும் வைக்க விரும்புகிறேன். சேவலின் முதுகிலுள்ள வெள்ளை இறகுகள் மஞ்சள் பாய்ந்திருக்கின்றன. வாலின் நீண்ட இறகு ஒன்று நடுவில் முறிந்துவிட்டது. அதைப் பிடுங்கிவிடலாமா? குளிப்பாட்டும் முறையையும் கூறுங்கள்.
– வாசகி, தெஹிவளை

பதில்: பிடுங்க வேண்டாம். வேரோடு பிடுங்கிய சாதாரண இறகு மீண்டும் வளர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். சேவல் வாலின் அரிவாள் இறகுக்கு அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். ஐந்தாவது வாரத்தில் அது அரைகுறை முளையுடன்தான் கூண்டில் நிற்கும். முறிந்ததை விட்டுவைத்தாலும், வளர்ந்து முடிந்த இறகில் உயிர் இல்லாததால், பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும் அடுத்த இறகுதிர்ப்பு வரை அது சீராகப் போவதில்லை. ஆகவே இம்முறை பேட்டை மட்டும் கொண்டுசெல்லுங்கள் என்பதே என் ஆலோசனை.

மஞ்சள் நிறமும் அப்படித்தான். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து நிறம் மாறிய இறகை எந்தச் சவர்க்காரமும் வெளுக்காது. வெள்ளை இறகுள்ள கோழியைப் புதிய இறகு வந்த நாளிலிருந்தே நிழலில் வைத்திருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சற்று நேரம் திறந்துவிட்டாற் போதும். மஞ்சள் நிறமேற்றும் சோளத்தையும் குறையுங்கள், சசெக்ஸ் இனத்துக்குக் கால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கண்காட்சிக் கோழியின் மெருகு இறகுதிர்ப்புக் காலத் தீவனத்தில் உருவாவது. முதல்நாள் குளியலில் வருவதன்று. இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், உதிர்த்து முளைக்கும் வாரங்களில் புரதம் குறைந்தால் இறகு மெலிந்து, மெருகிழந்து, எளிதில் முறியும். முட்டையிடும் கோழிகளுக்கான லேயர் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கப்படும் மிகுதியான கல்சியம் சேவலின் சிறுநீரகத்துக்குச் சுமையாவதால், அதை நெடுநாள் கொடுக்காதீர்கள். மீன் தூளோ அவித்த மீன் கழிவோ நல்லது; மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டைக் கொடுத்துவிட வேண்டாம். இங்கிலாந்துக் கைநூல்கள் கோழி இலையுதிர் காலத்தில் இறகு உதிர்க்கும் என்று எழுதுகின்றன. அங்கே பகல் வெகுவாகக் குறுகுவதே அதற்குக் காரணம். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆதலால் உங்கள் கோழி எந்த மாதத்தில் உதிர்க்கிறது என்பதை நீங்களே குறிப்பேட்டில் எழுதிவைத்து, அதற்கேற்பக் கண்காட்சியைத் தெரிவுசெய்யுங்கள்.

இனிப் பேட்டைக் கவனிப்போம். இன்றிரவே அதைக் கையில் எடுத்து, எச்சத்துளைக்குக் கீழேயுள்ள மென்னிறகுகளை விரலால் விலக்கி, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இறகின் அடித்தண்டில் ஈரச் சீனி ஒட்டியதைப் போல வெள்ளைத் திரள் தெரிந்தால், அவை பேன் முட்டைகள். மிருக வைத்தியர் கூறும் மருந்தை இட்டு, பத்து முதல் பதினான்கு நாட்களில் மீண்டும் ஒருமுறை இடுங்கள். முதல் மருந்து முட்டைகளைக் கொல்லாது. மருந்திட்ட பின் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலைக் கண்காட்சிக்கு மூன்று, நான்கு நாட்களுக்கு முன்னர் வைத்துக்கொண்டால், வாலடிச் சுரப்பியின் எண்ணெயைக் கோழி மீண்டும் இறகில் பூசிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். மூன்று பேசின்களில் இளஞ்சூட்டு நீர் வேண்டும்: முதலாவதில் குழந்தைகளுக்கான ஷாம்பூ, இரண்டாவதில் வெறும் நீர், மூன்றாவதில் சிறிதளவு வினாகிரி கலந்த நீர். இறகு படிந்திருக்கும் திசையிலேயே கையால் அழுத்தி வழியுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் இறகு முறியும். பலரும் கோட்டை விடுவது அலசுவதில்தான், சவர்க்காரம் எஞ்சிய இறகு காய்ந்ததும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சிலர் கடைசி நீரில் துணிக்கு இடும் நீலம் சேர்ப்பார்கள்; பழக்கமில்லாத கையில் கோழியே நீலமாகிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. நமது ஈரக்காற்றில் மாலையில் குளிப்பாட்டிய கோழி இரவு முழுவதும் காயாது. ஆகவே காலையில் குளிப்பாட்டித் துவாயால் ஒற்றி, மின்விசிறியை மிதமாக வைத்து நிழலில் உலர்த்துங்கள். காலின் செதில்களைப் பழைய பற்தூரிகையால் தேய்த்து, கண்காட்சியன்று கொண்டையிலும் தாடையிலும் வெசலினை மிக மெல்லியதாகத் தடவினாற் போதும்.

இந்த ஐந்து வாரங்களும் பேட்டைத் தினமும் சிறிது நேரம் கம்பிக் கூண்டில் விட்டு, மெல்லிய குச்சியால் மார்பையும் வாலையும் தொட்டுப் பழக்குங்கள். நடுவர் அவ்வாறுதான் தொட்டு நிமிர்த்திப் பார்ப்பார்; மிரண்டு மூலையில் ஒடுங்கும் கோழியின் வடிவத்தை அவரால் மதிப்பிட இயலாது.

கேள்வி: என் ரோட் ஐலண்ட் ரெட் பேட்டின் மஞ்சள் கால்கள் வெளுத்துவிட்டன. நோயா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நோயன்று, நன்றாக முட்டையிடுகிறது என்பதற்கான அடையாளம். தீவனத்திலுள்ள மஞ்சள் நிறப்பொருள் காலுக்குச் செல்லாமல் மஞ்சட்கருவுக்குச் செல்கிறது. முதலில் எச்சத்துளையும், பின்னர் கண்விளிம்பும் அலகும், இறுதியில் காலும் வெளுக்கும். முட்டை நின்றதும் அதே வரிசையில் நிறம் திரும்பும். சசெக்ஸுக்குக் குறைக்கச் சொன்ன சோளத்தை இதற்குக் கூட்டுங்கள். அகத்தி, முருங்கை இலைகளும் உதவும். எனினும் இடைவிடாது முட்டையிடும் பேட்டுக்குத் தீவனத்தால் மட்டும் காலில் நிறம் ஏறாது. முட்டையிடத் தொடங்கும் முன்னரான இளம்பேடே கண்காட்சிக்கு உகந்தது.

கேள்வி: இறகில்லாக் கால் இனமான என் சேவலின் காலில் சிறு இறகு ஒன்று முளைத்திருக்கிறது. நடுவர் பார்க்கும் முன் பிடுங்கிவிடலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: கூடாது. அத்தகைய இனங்களில் அது தகுதிநீக்கத்துக்குரிய குறை. அதை மறைப்பது மோசடி. பிடுங்கிய இடத்துச் சிறு குழியை அனுபவமுள்ள நடுவர் கண்டுபிடித்தும் விடுவார். இக்குறை குஞ்சுகளுக்கும் கடத்தப்படுவதால், அச்சேவலை இனவிருத்திக்கும் சேர்க்காதீர்கள்.