நாற்பதைத் தாண்டியபின் ஓவியம் பழகலாமா? வெள்ளைத்தாளைப் பார்த்தாலே கை ஓடவில்லையே?

புது டிராயிங் நோட்டின் முதல் பக்கத்தைத் தொடவே பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை கூடிய நோட்டாக வாங்கியிருப்பீர்கள், அதுதான் வினை.

எனக்கும் இதே பயம் இருந்தது, அப்போது 43 வயது. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீட்டின் பின்பக்கத்தில் லாரி, மூட்டை, மூட்டைமேல் தூங்குகிற ஆள் என்று எதையும் பேனாவால் கிறுக்குவேன், கை கூசாது. மகள் வாங்கிக் கொடுத்த கெட்டித்தாள் நோட்டைத் திறந்தால் மட்டும் விரல் நகராது. 2பி, 4பி, 6பி என்று பென்சில்களைச் சீவியே நாலு மாதம் போனது.

மே மாதம் ஒரு பெங்களூரா மாங்காயை மேசையில் வைத்து, இதையாவது வரைவோம் என்று உட்கார்ந்தேன். காம்பு நீட்டிக்கொண்டிருந்தது, ஒடித்தேன். பால் பீய்ச்சி முதல் பக்கத்தின் நடுவிலேயே விழுந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. சரி, போச்சு. கெட்டுப்போன தாள்தானே என்று அந்தக் கறையையே காம்படியாக்கிச் சுற்றி மாங்காயைப் போட்டேன். கிளிமூக்கு வளைவு மூன்று தடவை தப்பியது. மூன்று கோடும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

அந்த வருஷம் அதே காய்க்கு மாங்கூழ் ஃபேக்டரியில் சொன்ன விலை பறிகூலிக்கே காணவில்லை. திட்டு வாங்கியதென்னவோ மண்டிக்காரர்கள். விலையை நாங்களா போடுகிறோம்? அது கிடக்கட்டும்.

அப்புறம் நான் வெறும் வெள்ளையில் தொடங்குவதே இல்லை. கரித்தூளைத் துணியால் தேய்த்துத் தாள் முழுக்கச் சாம்பலாக்கிவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தை ரப்பரால் அழித்து எடுப்பேன். இல்லையென்றால் பழுப்பு அட்டையில் வெள்ளைச் சாக்பீஸ். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியம் பார்த்திருக்கிறீர்களா? மங்கிய பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் ஆள். வரைந்தவனுக்கு வெள்ளைத்தாள் தொல்லை கிடையாது. ரப்பரும் கிடையாது.

முறையாகப் படித்தவர்கள், அளவும் அமைப்பும் வேண்டாமா என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டும்தான். நான் ஓவியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, என் குதிரைக்கு இன்றும் நாய்க்கால்தான். ஆனால் நீங்கள் கேட்டது பயத்தைப் பற்றி.

இன்று ராத்திரி அடி ஈரமான டீ டம்ளரை அந்த முதல் பக்கத்தில் வைத்து எடுங்கள். வட்டம் விழும். நன்றாகக் காய்ந்தபிறகு அதிலிருந்து தொடங்குங்கள். ஈரத்தாளில் பென்சில் ஓட்டினால் தாள் கிழியும்.