கொம்புப் பிடி ஏன் விரிகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானே உலையில் காய்ச்சி அடித்த அலகை வைத்து முதல் மடக்குக்கத்தியைச் செய்தேன். அலகு நன்றாகவே வந்தது. ஆனால் கடைசி ஆணியைத் தட்டும்போது துளையிலிருந்து ஓரம்வரை கொம்பு விரிந்துவிட்டது. திறந்தால் அலகும் பக்கவாட்டில் ஆடுகிறது. கொம்பை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பிடி போட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். கொம்பை விடாதீர்கள். அது விரிந்ததற்குக் காரணம் கொம்பில் இல்லை, ஆணியில் இருக்கிறது.

கொம்பு நம் நகத்தைப் போன்ற பொருள்தான். அடுக்கடுக்காக வளர்வது. ஆணியின் தலையைத் தட்டும்போது தலை மட்டும் பரவுவதில்லை, துளைக்குள் இருக்கும் தண்டும் பருக்கிறது. மரம் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். கொம்பு அடுக்கோடு பிளந்துகொள்ளும். ஆணி அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், சுத்தியல் கனமாக இருந்தால் நிச்சயம் பிளக்கும்.

நான் செய்வது இது: துளையின் வெளிவாயை மட்டும் லேசாகப் புனல்போல அகட்டிவிடுவேன். ஆணியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே விட்டு அரத்தால் தட்டையாக்குவேன். பிறகு மிகச் சிறிய சுத்தியலால், நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுவேன். காதில் விழும் அளவுக்கு, அவ்வளவுதான். உலோகம் மெல்ல அந்தப் புனலுக்குள் வழிந்து உட்காரும். அப்புறம் உப்புத்தாளில் தேய்த்தால் ஆணி ஒரு வட்டப் புள்ளியாகத்தான் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கொம்பைச் சூடாக்கித் தட்டையாக்கினீர்களா? ஆம் என்றால், அழுத்தத்தோடேயே முழுக்க ஆறவிட்டீர்களா? சூட்டோடு எடுத்தால் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவிசையோடு ஆணி அடித்தால் விரிசலுக்கு வழி திறந்தமாதிரிதான். தேய்க்கும்போதும் சூடு ஏறவிடக் கூடாது. முடி கருகும் வாடை வந்தால் நிறுத்தித் தண்ணீரில் முக்குங்கள். முகக்கவசம் இல்லாமல் கொம்பைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அலகு ஆடுவதற்கு வருவோம். மடக்குக்கத்தியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அலகின் அடிப்பகுதியும் முதுகு ஸ்பிரிங்கும் (பிடியின் முதுகுப்பக்கமாக இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் எஃகுப் பட்டை) ஒரே கனமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் கனமாக இருந்தால் அலகின் இருபுறமும் இடைவெளி விழுந்து ஆடும். மெல்லிதாக இருந்தால் அலகு இறுகிவிடும். இரண்டையும் ஒரே தட்டையான கல்லில் ஒன்றாகத் தேயுங்கள். அலகு திரும்பும் அச்சாணியை இறுக்கும்போது அலகுக்கும் கொம்புக்கு உட்புறமுள்ள பித்தளைத் தகட்டுக்கும் நடுவே, ஆணியைக் கவட்டில் வாங்கும்படி பிளந்த மெல்லிய உலோகத் தாளைச் செருகுங்கள். இறுக்கி முடித்ததும் உருவிவிடலாம். அது விட்டுப்போகும் இடைவெளியில்தான் அலகு வழுக்கித் திரும்பும்.

ஸ்பிரிங்குக்கும் அலகுக்கும் ஒரே பதம் வைத்துவிடாதீர்கள். எண்ணெயில் தோய்த்தபின் அலகை 200 டிகிரி செல்சியஸை ஒட்டி, வைக்கோல் நிறம் வரும்வரை மறுபடி சூடாக்கி விறைப்பை இளக்கினால் போதும். ஸ்பிரிங்கை நீலம் ஏறும்வரை, 300 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஒடியும்.

இப்போதைக்கு ஆணித்தலைகளை அரத்தால் தேய்த்தெடுத்து கத்தியைப் பிரியுங்கள். அலகும் தகடுகளும் அப்படியே உதவும். விரிந்த கொம்பைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் பத்துத் துளை போட்டு, பத்து ஆணி தட்டிப் பாருங்கள். பத்தாவது விரியாமல் உட்கார்ந்ததும் புதுக் கொம்பை எடுங்கள்.