இன்ஸ்டாவில் அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மகனை மிரட்டுவது பற்றி

மகன் அனுப்பிய படத்தை வைத்து ஒருவர் மிரட்டுகிறார், ஜிபேயில் 3,000 ரூபாய் கொடுத்தும் நிற்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மகன் பயத்தில் அழிக்கப் பார்க்கும் அந்த சாட்டையும் கணக்கையும் அப்படியே விடுங்கள்.

3,000 கொடுத்த பிறகும் மிரட்டல் நிற்காததற்குக் காரணம், கொடுத்ததுதான். பணம் வரும் இடம் என்று தெரிந்தால் மறுபடி கேட்பார்கள்.

1. முதலில் ஸ்க்ரீன்ஷாட். காட்சிப் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். அதனால் யூசர்நேம், புரொஃபைல் லிங்க், யுபிஐ ஐடி மூன்றும் தெரிய வேண்டும். மிரட்டுபவர் மெசேஜை அன்சென்ட் செய்துவிடலாம், தாமதிக்காதீர்கள். அதன்பின் ரிப்போர்ட், பிளாக்.

2. பணம் போயிருப்பதால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் இருக்கும், அதைக் கேட்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவிலும் பதியுங்கள்.

3. 18 வயதுக்குள் எடுத்த படம் என்பதால், இத்தகைய படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்கும் 'டேக் இட் டவுன்' தளம் உதவும். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் ஹாஷ் (படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) மட்டுமே இன்ஸ்டா போன்ற தளங்களுக்குப் போகும். மகன் அனுப்பிய அதே ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் வெட்டிய படத்துக்கு ஹாஷ் மாறிவிடும், அதைத் தனியாகப் பதிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பரவினால் இது தடுக்காது. 'ஆதாரம்' என்று அந்தப் படத்தை உறவினர் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அதுவே சட்டப்படி குற்றம்.

இன்றிரவு அவனைத் திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல் முடங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.