தென் லுவாங்வாவில் நடைச் சஃபாரி: கேள்விகளும் பதில்களும்

ஸாம்பியா நாட்டின் கிழக்குப் பகுதியில் இருக்கும் தென் லுவாங்வா தேசியப் பூங்காவில், வாகனத்தை விட்டு இறங்கி, வழிகாட்டியோடும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடும் காட்டுக்குள் நடந்து செல்வதைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பல வறண்ட பருவங்களில் நடந்தவன், அங்குள்ள வழிகாட்டிகளிடம் பாடம் கேட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் எத்தனையோ காடுகள் இருக்கின்றன. நடைச் சஃபாரி என்றதும் லுவாங்வாவை முதலில் சொல்வது ஏன்?

காட்டுக்குப் போவதென்றால் வேட்டைக்குப் போவது என்றே பொருள்பட்ட காலத்தில், அங்கே வேறொரு வழி தொடங்கியது. 1950ஆம் ஆண்டில் நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி, குண்டா மக்களின் தலைவர்களுள் ஒருவரான ந்செஃபுவிடம் பேசி, அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கென ஒதுக்கச் செய்தார். பார்க்க வருவோர் தங்க ஒரு முகாமும் அமைந்தது. அதன் வருவாய் அம்மக்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் 1960களின் தொடக்கத்திலிருந்து, பயணிகளைக் கேமராவோடு நடத்தி அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் கார் நிலைபெறச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் இம்ஃபொலோசிக் காட்டிலும் 1959இல் இயன் பிளேயர் என்ற வனக்காவலரும் மக்குபு ந்டோம்பேலா என்ற ஜூலு பெரியவரும் இதே போன்ற நடைகளைத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வரலாறு ஒருபுறம் இருக்க, அந்த நிலமே நடப்பதற்கு ஏற்றது. சாம்பேசியின் துணையாறான லுவாங்வா, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையை அரித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. பழைய வளைவுகள் ஆற்றிலிருந்து பிரிந்து குட்டைகளாக நின்றுவிடுகின்றன. வறட்சி முற்ற முற்ற, மற்ற இடங்களில் நீர் வற்றி, யானையும் காட்டெருமையும் புக்கு மானும் இந்தக் குட்டைகளையும் ஆற்றையும் நாடி வந்து சேர்கின்றன. 1972இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த 9,050 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது.

கேள்வி: துப்பாக்கி ஏந்திய காவலர் வருகிறார் என்றால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைக் காப்பது துப்பாக்கி அன்று, அதைச் சுடத் தேவையில்லாதபடி நடத்திச் செல்லும் அறிவு. முதலில் காவலர், அடுத்து வழிகாட்டி, அவருக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் விருந்தினர்கள், கடைசியில் தேநீர்ப் பையைச் சுமந்து வருபவர் என்பதே அங்குள்ள வழக்கமான வரிசை. குழு சிறியதாகவே இருக்கும். காவலரின் வேலை பாதுகாப்பு மட்டுமே. எங்கே போவது, எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்பதை வழிகாட்டி முடிவு செய்கிறார். நடைச் சஃபாரி வழிகாட்டியாவதற்கு எழுத்துத் தேர்விலும், காட்டில் வைத்து நடத்தப்படும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். வாகன வழிகாட்டியாகப் பல ஆண்டுகள் உழைத்த பிறகே பலர் அந்த நிலையை எட்டுகிறார்கள்.

வழிகாட்டியின் கையைக் கவனித்துப் பாருங்கள். சிலர் சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பையை அவ்வப்போது தட்டி, சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார்கள். காற்று நம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால், நம்மைக் காண்பதற்கு நெடுநேரம் முன்பே அது நம்மை மோந்துவிடும். அடர்ந்த புதரையும் உயரமான புல்லையும் சுற்றிக்கொண்டு போவதும், திரும்பும் வழி திறந்திருக்கும்படி இடம் பார்த்து நிற்பதும், உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கர் பறவைகள் திடீரெனச் சீறிக்கொண்டு எழும்பினால் பக்கத்தில் காட்டெருமை படுத்திருக்கிறது என்று உணர்ந்து உடனே விலகுவதும் அவர் செய்யும் காரியங்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். என் கணிப்பில், விலங்கு நம்மைக் கவனிக்காமலே தன் வேலையைத் தொடரும்படி பார்த்துவிட்டு விலகி வந்த நடைதான் மிகச் சிறந்த நடை. இன்னும் கொஞ்சம் அருகே போகலாமா என்று வழிகாட்டியை வற்புறுத்துகிறவர், குழுவில் உள்ள எல்லோருடைய உயிரையும் பணயம் வைக்கிறார்.

கேள்வி: யானை நம்மை நோக்கி வந்தால் என்ன செய்ய வேண்டும்? அது மிரட்டுகிறதா, தாக்கவே வருகிறதா என்று எப்படி அறிவது?

முதலில் செய்ய வேண்டியது, வழிகாட்டி சொல்வதைச் சொன்னபடி செய்வது. நில் என்றால் நிற்க வேண்டும். பின்வாங்கு என்றால் ஓடாமல், வரிசை கலையாமல், சேர்ந்து பின்வாங்க வேண்டும்.

யானையின் உடலைப் படிக்க அவர் கற்றிருக்கிறார். காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு, மண்ணை வாரி இறைத்து வரும் யானை பெரும்பாலும் தன் உருவத்தைக் காட்டி நம்மை அகற்றப் பார்க்கிறது. தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமின்றி வரும் யானை முடிவு செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஆனால் மிரட்டலாகத் தொடங்குவது தாக்குதலாக மாறிவிடவும் கூடும் என்பதால், இதை நம்பி நாமே தீர்மானம் செய்துகொள்ளக் கூடாது. அதற்கு முந்தைய அறிகுறிகளே முக்கியமானவை: மேய்வதை நிறுத்திவிட்டு ஒரு முன்னங்காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, துதிக்கையை நம் பக்கம் உயர்த்தி மோப்பம் பிடிப்பது, தலையைச் சட்டென்று உதறுவது. இந்த நிலையிலேயே நல்ல வழிகாட்டி குழுவைத் திருப்பி அழைத்துவிடுவார். கன்றோடு இருக்கும் தாய்களையும், கன்னத்தில் மதநீர் வழியும் ஆண்யானையையும் கண்டால் தொலைவிலிருந்தே விலகிவிடுவார்.

கேள்வி: சிங்கம், காட்டெருமை, நீர்யானை ஆகியவற்றுக்கும் இதே விதிதானா?

ஓடாதே என்பது சிங்கத்தின் முன் மாறாத விதி. நடந்து வரும் மனிதர்களைக் கண்டால் சிங்கங்கள் பொதுவாக எழுந்து விலகிவிடும். குட்டியோடு இருக்கும் பெண்சிங்கமோ, இரையின் மேல் இருக்கும் கூட்டமோ உறுமி வாலை விசிறிப் பாய்வது போல் வந்து நிற்கலாம். அப்போது அசையாமல் அதைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஓடுகிறவனைத் துரத்துவது அதன் இயல்பு.

காட்டெருமை மந்தையாக இருந்தால் பெரும்பாலும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிவிடும். மந்தையை விட்டுப் பிரிந்து, புதர் நிழலிலும் சேற்றிலும் கிடக்கும் கிழட்டுக் கடாக்களே வழிகாட்டிகள் மிகவும் அஞ்சும் விலங்கு. அவை முன்னறிவிப்பே தராமல் எழுந்து வரும். அப்படி நேர்ந்தால், மரத்தின் பின்னாலோ கரையான் புற்றின் பின்னாலோ போகச் சொல்வார்கள். ஆகவே நடக்கும்போதே பக்கத்தில் எந்த மரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவது நல்ல பழக்கம்.

நீர்யானை இரவு முழுதும் புல் மேய்ந்துவிட்டு விடியலில் நீருக்குத் திரும்புகிறது. அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. அத்தனை பருத்த உடலோடு அது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். லுவாங்வாவில் முதலைகளும் மிகுதி. முகம் கழுவக்கூட ஆற்றோரம் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்): நடந்தால் வாகனத்தில் பார்ப்பதைவிடக் குறைவான விலங்குகளையே பார்க்க முடியுமாமே? அப்படியானால் எதற்காக நடக்க வேண்டும், ஐயா?

உண்மைதான் அம்மா, எண்ணிக்கை குறையும். வாகனத்தைக் கண்டு அசையாத மான், நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவத்தைத் தொலைவில் கண்டதுமே எச்சரிக்கைக் குரல் எழுப்பிவிடும். ஆனால் நடக்கும்போது தரையே படிக்கத் தக்கதாகிவிடுகிறது.

யானையின் முன்னங்கால் தடம் ஏறத்தாழ வட்டமாகவும், பின்னங்கால் தடம் நீள்வட்டமாகவும் பதியும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழச் சரியாகக் கிடைத்துவிடும். சிங்கமும் சிறுத்தையும் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் தடத்தில் நகக்குறி விழாது. கழுதைப்புலியின் தடத்தில் நகக்குறி தெளிவாகத் தெரியும். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா, அதன் மேல் இரவில் ஊரும் பூச்சிகளின் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து, அந்த விலங்கு நேற்று மாலை போனதா, இன்று விடிந்தபின் போனதா என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். சாணத்துக்குள் கையை வைத்துச் சூடு பார்ப்பவர்களும் உண்டு. மணலில் புனல் போன்ற குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியையும், சாண உருண்டையைத் தள்ளிச் செல்லும் வண்டையும் வாகனத்தில் இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒலியும் அப்படித்தான். எஞ்சின் சத்தம் இல்லாதபோது, பபூன் குரங்குகளின் குரைப்பு எந்தத் திசையில் சிறுத்தை இருக்கிறது என்று சொல்லும். மனிதர்களைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும் தேன்காட்டிப் பறவையும் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. மரத்துக்கு மரம் தாவி, விடாமல் கத்தி அழைக்கும். அண்டை நாடான மொசாம்பிக்கில் யாவோ இனத்தார் தமக்கென ஒரு தனி ஒலி எழுப்பி அதனோடு சேர்ந்து தேன் எடுப்பதும், அந்த ஒலியைக் கேட்டால் பறவை வழிகாட்ட முன்வருவது கூடுகிறது என்பதும் 2016இல் வெளியான ஆய்வில் உறுதியாயின.

கேள்வி: அங்கே புளியமரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இந்தியாவிலிருந்து கொண்டுபோய் வைத்ததா?

இல்லை. புளியமரத்தின் தாயகமே வெப்பமண்டல ஆப்பிரிக்காதான். நம் பக்கம் அது மிகப் பழங்காலத்தில் வந்து சேர்ந்தது. லுவாங்வாவில் பெரும்பாலும் கரையான் புற்றுகளின் மேல் அடர்ந்து வளர்ந்து நிற்கும்; பபூன்கள் காயைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் பரப்புகின்றன. கருங்காலி வகை மரங்களின் தோப்புகளும், மொபானே என்னும் மரங்கள் மண்டிய காடுகளும், யானைகள் தந்தத்தால் பட்டையை உரித்த பெருக்க மரங்களும் (பாவோபாப்) உண்டு.

கேள்வி: எந்த மாதத்தில் போகலாம்? ஒரு நாளில் எவ்வளவு தூரம்? எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஜூன் முதல் அக்டோபர் வரை. மழை தொடங்கியதும் காட்டு முகாம்கள் பல மூடப்பட்டுவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலை நல்ல குளிர் இருக்கும், ஆனால் புல் இன்னும் உயரமாக நிற்கும். அக்டோபரில் வெப்பம் 40 பாகையைத் தொடும். விலங்குகள் நீரோரம் நெருங்கி நிற்பது அப்போதுதான். இரண்டுக்கும் நடுவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

காலை ஆறு மணி அளவில் கிளம்பி மூன்று, நான்கு மணி நேரம், அடிக்கடி நின்று நின்று நடப்பது வழக்கம். நிலம் சமவெளி. அரைநாள் மெதுவாக நடக்கக்கூடிய யாரும் நடக்கலாம், வயது தடையில்லை. ஈரத்தில் யானையும் நீர்யானையும் மிதித்த குழிகள் காய்ந்து கல்லாக இறுகிய கருமண் தரையில் மட்டும் கணுக்கால் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தூரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுவர்களை, பன்னிரண்டு வயதாவது ஆகாமல், பெரும்பாலான முகாம்களில் நடைக்கு ஏற்பதில்லை.

கேள்வி: என்ன உடை? எந்தத் தடுப்பு மருந்து?

காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. வெள்ளை தொலைவிலேயே தெரியும். நீலமும் கருப்பும் செட்சி ஈயை ஈர்க்கும், அதன் கடி துணியைத் தாண்டியும் உறைக்கும். ராணுவத்தார் அணியும் புள்ளி உடையைப் பொதுமக்கள் ஸாம்பியாவில் அணிவது சட்டப்படி குற்றம் என்பதால் அதைப் பெட்டியில்கூட வைக்காதீர்கள். புதுக் காலணியோடு வராமல், பழகிய காலணியோடு வாருங்கள்.

லுவாங்வாவில் மலேரியா ஆண்டு முழுதும் உண்டு. எந்தத் தடுப்பு மாத்திரை உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பின்னும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறவர்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தம் வழித்தடத்துக்குத் தேவையா என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே அரசு தடுப்பூசி மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாம் கொடுக்கும் பணத்தால் அந்த ஊர் மக்களுக்கோ விலங்குகளுக்கோ ஏதாவது நன்மை உண்டா?

உண்டு என்று உறுதியாகச் சொல்கிறேன். 1970களிலும் 80களிலும் தந்தத்துக்காகவும் கொம்புக்காகவும் நடந்த கள்ளவேட்டையில் லுவாங்வா பள்ளத்தாக்கு யானைகளைப் பல்லாயிரக்கணக்கில் இழந்தது. காண்டாமிருகத்தை முழுவதுமாகவே இழந்தது. ஸாம்பியாவில் கருங்காண்டாமிருகம் அற்றுப்போனதாக 1998இல் அறிவித்தார்கள். 2003 முதல் வட லுவாங்வாவில் அவற்றை மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தென் லுவாங்வாவில் இன்றும் காண்டாமிருகம் கிடையாது. கண்காணிப்பு குறைந்த இடங்களில் கள்ளவேட்டைக்காரன் துணிந்து கம்பிக் கண்ணி வைக்கிறான். சாலையற்ற பகுதிகளில் நாள்தோறும் நடக்கும் குழுக்கள் கண்ணியையும் அறிமுகமற்ற காலடிகளையும் பார்த்து உடனே சொல்லிவிடுகின்றன.

வேலை இன்னொரு பக்கம். பூங்காவை ஒட்டிய ம்ஃபூவே என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் வழிகாட்டி, சமையல்காரர், படகோட்டி, தேநீர்ப் பை சுமப்பவர் என்று ஒரு முகாமில் பலருக்குப் பிழைப்பு கிடைக்கிறது. தங்கள் பயிரை இரவில் யானை மிதித்துவிடும் ஊரில் வாழ்கிறவர்கள் அவர்கள். யானையால் வருவது இழப்பு மட்டுமாக இருந்தால் அதைக் காக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆகவே முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, வழிகாட்டிகளில் எத்தனை பேர் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள், பள்ளிக்கும் கிராமத்துக்கும் என்ன செய்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தெளிவாகப் பதில் தராத இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேள்வி: முதல் முறை போகிறவர் லுவாங்வாவுக்கே போகலாமா, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் தொடங்கலாமா?

செலவு முக்கியம் என்றால் க்ரூகர். அங்கே 1978இல் தொடங்கிய வனநடைத் திட்டத்தில், எட்டுப் பேருக்கு மிகாத குழு, எளிய குடிலில் மூன்று இரவு தங்கி, ஆயுதம் ஏந்திய இரு வழிகாட்டிகளோடு நடக்கிறது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். லுவாங்வாவில் தனியார் முகாம்களே மிகுதி என்பதால் செலவு கூடும். ஆனால் ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு நடந்தே போய்ச் சேரும் பயணம் அங்கே வாய்க்கிறது. எங்கே போனாலும் இரண்டு காலை நடைகளாவது அடுத்தடுத்து வருமாறு திட்டமிடுங்கள். முதல் நாள் நடையில் அச்சமே கவனத்தைப் பிடித்துக்கொள்ளும். தடங்களும் குரல்களும் கண்ணிலும் காதிலும் படத் தொடங்குவது இரண்டாம் நாளில்தான்.